பச்சைக்கல் சிப்பி

எங்கள் ஓ காங் துறையில் சிப்பி பச்சையான அதே வருஷம்தான் லிம் தலைவர் மைக் வாங்கினார். கோயில் காசில் வாங்கிய மைக், தலைவர் வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் உறை போட்டு, அவருடைய முன்னோர் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் இருந்தது. கோயிலில் வைத்தால் உப்புக் காற்றில் துருப்பிடித்துவிடும் என்றார். அவர் வீடு கோயிலைவிடக் கடலுக்குக் கிட்டே இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை. தைவானின் தென்மேற்குக் கரையில் பனிக்காலத்தில் வாயைத் திறந்தால் மணல்தான் உள்ளே போகும். மூடி வைத்தே பழகிவிட்டோம்.

பச்சையை முதலில் பார்த்தது போ சூ அக்கா. எட்டாம் மாதத்து நிலாப் பண்டிகை கழிந்த மறுவாரம். சந்தில் நாங்கள் பெண்கள் எல்லாம் வரிசையாக முக்காலி போட்டு ஓடு பிளந்துகொண்டிருந்தோம். கையில் உறை, உறைக்கு மேல் இன்னொரு உறை, தலையில் பூப்போட்ட துணி, வாயில் யாராவது ஒருத்தியின் மருமகள். அக்கா ஒரு சிப்பியைக் கத்தி முனையில் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். கறுப்பு விளிம்புக்குள்ளே சாம்பலாக இருக்கவேண்டிய சதை பச்சையாக இருந்தது. பாசிப் பச்சை இல்லை. பழைய கோயில் மணியில் மழை பட்டுப் பட்டு ஏறுமே, அந்தப் பச்சை.

"மனுசனுக்கு மஞ்சக் காமாலை. சிப்பிக்குப் பச்சக் காமாலையாடி?" என்றாள். வாயில் போட்டுப் பார்த்தாள். டார்ச் பேட்டரியில் நாக்கு நுனி பட்டதுபோல இருக்கிறது என்றாள். அதையும் விழுங்கினாள். எங்கள் ஊரில் வாய்க்குப் போனதைத் துப்புகிற வழக்கம் இல்லை.

துப்புகிற வழக்கம் பட்டணத்துச் சந்தைக்காரர்களிடம் இருந்தது. போன கூடையெல்லாம் அப்படியே திரும்பி வந்தது. நிறம் சரியில்லை என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள். போ சூ அக்கா புருஷன் தியாம் ஹோக் அண்ணன் திரும்பி வந்ததில் ஓடு பிளக்காத கூடைகளைத் தெப்பத்தில் ஏற்றி மறுபடி தண்ணீரில் தொங்கவிட்டு வந்தார். அவர் பேசிப் பார்த்தவர்கள் குறைவு. தெப்பத்து மோட்டார் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டது. மீதிக் காதுக்கு அக்கா இருந்தாள்.

ஒரு வருஷத்துச் சாப்பாடு அந்தச் சரங்களில் தொங்கியது. மூங்கில் சட்டம் நட்டு, பழைய ஓட்டில் துளை போட்டுக் கயிற்றில் கோத்து, அதில் குஞ்சு ஒட்டி வளர்ந்து, புயலுக்குத் தப்பி, பனிக்காலம் நெருங்கும்போதுதான் கத்தி வைக்க முடியும். அந்த நேரத்தில்தான் இந்த நிறம்.

லிம் தலைவர் கோயிலில் கூட்டம் போட்டார். மைக்கின் முதல் கூட்டம். "ஹலோ" என்று சொல்லவே கால்மணி நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு ஓங் யா சாமியிடமே கேட்டுவிடலாம் என்று குறி கேட்கிற பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டையும் எடுத்தார். ஒன்று மல்லாந்து ஒன்று கவிழ்ந்தால் ஆமாம். இரண்டும் கவிழ்ந்தால் இல்லை. இரண்டும் மல்லாந்தால் சாமி சிரிக்கிறார்.

"இந்தப் பச்சை நீங்க குடுத்த வரமா?" என்று கேட்டுப் போட்டார். சாமி சிரித்தார். மறுபடி போட்டார். மறுபடி சிரித்தார். மூன்றாம் தரம் இல்லை என்று விழுந்தது. தலைவர் கட்டைகளைப் பொறுக்கி, கேள்வியைக் கொஞ்சம் தட்டிச் சரி பண்ணினார். "இது உங்களுக்குத் தெரிஞ்சு நடக்கறதுதானே?" இப்போது பளிச்சென்று ஆமாம் விழுந்தது. சாமிக்குத் தெரியாமல் என்ன நடக்கும்?

"கேட்டீங்களா," என்றார் தலைவர் மைக்கில். "சாமிக்குத் தெரிஞ்சு வந்த பச்சை. நம்ம பொம்பளைங்க கையில போடற பச்சைக்கல் வளையல் என்ன நிறம்? அதே நிறம். இன்னைலேர்ந்து இது பச்சைக்கல் சிப்பி. ஒலகத்துல வேற எங்கயும் கிடையாது."

இதைக் கேட்டதும் எங்களுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சிரிக்கலாம், ஆனால் அன்று அங்கே இருந்திருந்தால் உங்களுக்கும் சிலிர்த்திருக்கும். கையில் இருக்கிற கெட்டுப்போன பண்டத்தை ஒருவர் மைக்கில் நவரத்தினம் என்கிறார். நம்பாமல் இருக்க என்ன அவசியம்?

அதற்குப் பிறகு செய்ததுதான் எங்கள் ஊர் மட்டுமே செய்யக்கூடிய காரியம். சிப்பியைக் கொழுக்க வைக்க வேண்டுமென்றால் கடைசி மாதத்தில் சரங்களை அவிழ்த்து ஆற்று முகத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுவோம். ஆற்றுத் தண்ணீர் கலக்கிற இடத்தில் தீனி அதிகம், சிப்பி உப்பும். இந்தத் தடவை முகத்துக்குக் கிட்டே போகப் போகப் பச்சை கூடுவதைக் கண்டோம். பச்சை கூடினால் ரத்தினம் கூடுகிறது என்றுதானே அர்த்தம்? ஊரே தெப்பங்களைக் கட்டிக்கொண்டு கிளம்பியது. பச்சை ஏறாத நல்ல சிப்பி வைத்திருந்தவர்கள்கூட அவமானப்பட்டு, அவிழ்த்துக் கொண்டுபோய் ஆற்று வாயில் கட்டினார்கள். இடத்துக்கு அடிதடி. போ சூ அக்கா விடியுமுன் போய் எல்லாருக்கும் மேலே, ஆற்றுக்கு உள்ளேயே இடம் பிடித்தாள். மார்கழிக் குளிரில் இடுப்பளவு தண்ணீரில் நின்று சரம் கட்டினாள். அவளுடைய சிப்பிதான் ஊரிலேயே அதிகப் பச்சை. பார்க்க ஆள் வந்தது.

ஆறு எங்கிருந்து வருகிறது என்று எங்களுக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் மஞ்சள், ஒரு நாள் ஊதா, காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று அது நிறம் மாறுவதை எல்லாரும் பார்த்தோம். மேலே கோ கிம் தோங் முதலாளியின் களம் இருப்பதும் தெரியும். பழைய கேபிள், உடைந்த ரேடியோ, கப்பலில் வந்த கண்ட கண்ட மின்சாமான் எல்லாவற்றையும் எரித்து, மிச்சத்தை அமிலத் தொட்டியில் முக்கிச் செம்பு எடுப்பார்கள். களத்துப் பக்கமிருந்து காற்று அடித்தால் புகை எங்கள் கொடித் துணியில் ஒட்டும். ஆனால் கிம் தோங் முதலாளிதான் கோயில் கூரை நாகங்களுக்குச் செம்புத் தகடு அடித்துக் கொடுத்தவர். தூணில் அவர் பெயர் சாமி பெயரைவிட ஒரு விரற்கடை பெரிது. அப்படிப்பட்டவரையும் ஆற்றையும் ஒரே மூச்சில் நினைக்க எங்களுக்கு மூச்சுப் போதவில்லை.

அந்த முதலாளியின் மகன் பிங் ஹுய்க்குத்தான் போ சூ அக்காவின் மகள் லே குவானைக் கேட்டு வந்தார்கள். கேட்டு வந்தார்கள் என்பது மரியாதைக்கு. பட்டணத்துச் செருப்பு ஆலைக்கு எதிரே நூடுல்ஸ் கடையில் அவனும் அவளும் ஒரு வருஷமாக ஒரே மேசையில் உட்கார்ந்து எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். பிறகு ஊருக்காகத் தரகு செங் அக்காவைக் கூப்பிட்டு, அவள்தான் கண்டுபிடித்ததுபோல எல்லாரும் நடித்தோம்.

பையன் நல்லவன். அப்பாவின் களத்தில் லாரி ஓட்டுகிறான், தொட்டியிலும் இறங்குகிறான். கையெல்லாம் சின்னச் சின்ன வெள்ளைத் தழும்பு. அக்காவுக்கு அவனிடம் ஒரே ஒரு குறை. வீட்டுக்கு வரும்போதெல்லாம் சிப்பி ஆம்லெட் போட்டுக் கொடுப்பாள். அவன் முட்டையைத் தின்பான், கீரையைத் தின்பான், மாவைக்கூட வழித்துத் தின்பான். சிப்பிகளை மட்டும் தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்கிவிட்டுப் போவான்.

"சிப்பிக்காரி வீட்ல பொண்ணு எடுக்கறான், சிப்பி திங்க மாட்டேங்கறான். இவனை என்னடி பண்றது?" என்று அக்கா சந்தில் புலம்புவாள்.

"பொண்ணைத் தின்னாப் போதும்கா," என்போம் நாங்கள். லே குவான் கத்தியைக் காட்டி மிரட்டுவாள்.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்ததும் லிம் தலைவருக்கு மூளை வேலை செய்தது. கிம் தோங் முதலாளி விருந்தில் பச்சைக்கல் சிப்பியை வாயில் வைக்கவேண்டும். அதைப் படம் பிடித்துப் பெரிதாகத் தட்டி எழுதி நெடுஞ்சாலையில் வைக்கவேண்டும். அவ்வளவு பெரிய மனுஷர் தின்றதைச் சந்தைக்காரன் எப்படி வேண்டாமென்பான்? முதலாளியின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் பட்டணத்தில் பெரிய உணவகம் நடத்துகிறார், அவரும் வருகிறார். ஒரு வாய். அந்த ஒரு வாய் போதும், ஊர்ச் சிப்பி முழுக்கக் கரையேறிவிடும் என்றார். போ சூ அக்கா அன்றிலிருந்து தூங்கவில்லை. மகளுக்கு நிச்சய உடுப்பு எடுப்பதைவிட, எந்தச் சரத்தில் எந்தச் சிப்பி என்று பார்த்து வைப்பதில்தான் மனசு. வாங்குவாரில்லாமல் ஒரு வருஷத்து உழைப்பெல்லாம் சரத்தில் தொங்குகிறது. சம்பந்தி வாயைத் திறந்தால் வழி திறக்கும்.

விருந்தன்று எங்கள் சந்தின் வழியை அடைத்துச் சிவப்பும் நீலமுமாகப் பட்டை போட்ட தார்ப்பாய் கட்டினார்கள். வட்ட மேசை, சிவப்பு பிளாஸ்டிக் விரிப்பு, பறக்காமல் இருக்க நாலு பக்கமும் சிப்பி ஓடு. தலைவர் ஒலிபெருக்கியைக் கம்பத்தில் கட்டினார். கடல் பக்கம் திருப்பிப் பேசிப் பார்த்தபோது காற்று பேச்சையெல்லாம் அவர் வாய்க்கே திருப்பி அனுப்பியது. அதனால் ஆற்றைப் பார்த்துத் திருப்பிக் கட்டினார். மேலே களம் வரை கேட்கட்டும் என்றார்.

சமையல்காரர் சிப்பியை மாவில் தோய்த்துப் பொரித்துவிடலாம் என்று பயந்து பயந்து சொன்னார். நிறம் தெரியாது, வம்பில்லை. தலைவர் கோபப்பட்டார். பச்சைக்கல்லை மாவில் புதைப்பதா? கொதிநீரில் ஒரு முக்கு, மேலே இஞ்சிச் சீவல், அவ்வளவுதான்; படத்தில் பச்சை பளபளக்க வேண்டும்.

காலையில் கூடத்தில் மோதிரம் போட்டார்கள். லே குவானை உயர்ந்த நாற்காலியில் உட்காரவைத்து, காலுக்குச் சின்ன முக்காலி. பொன் மோதிரம் ஒன்று, செம்பு மோதிரம் ஒன்று, இரண்டையும் சிவப்பு நூலால் கட்டி பிங் ஹுய் அவள் விரலில் நுழைத்தான். பெண் அந்த நேரத்தில் விரலை மடக்கிக்கொள்ள வேண்டும். மோதிரம் அடிவரை போய்விட்டால் காலம் முழுக்கப் புருஷன் சொன்னபடி ஆடவேண்டி வரும் என்பது எங்கள் கணக்கு. லே குவான் விரலைக் கொக்கி மாதிரி மடக்கினாள். இரண்டாம் கணுவிலேயே மோதிரம் நின்றது. நாங்கள் கைதட்டினோம். செங் அக்கா வாய்க்கு வந்த மங்கலப் பாட்டையெல்லாம் கொட்டினாள்.

"பொன்னு கடைல வாங்குனது," என்றார் கிம் தோங் முதலாளி, வெற்றிலைப்பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு. "செம்பு நம்ம களத்துலயே எடுத்தது. சுத்தச் செம்பு. பார்த்துக்கோ மருமவளே, ஒரு துளி அழுக்கு இருக்காது."

அழுக்கெல்லாம் எங்கே போனது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

மத்தியானம் விருந்து தொடங்கியது. மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசை மேசைகளில். குளிர்ந்த பண்டங்கள் வந்தன, நண்டு சாதம் வந்தது, ஆவியில் வெந்த மீன் வந்தது, கருங்கோழிச் சாறு வந்தது. தலைவர் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பிரசங்கம் செய்தார். பிறகு பட்டாசுச் சரம் ஒன்றைக் கொளுத்தச் சொல்லி, புகைக்குள்ளிருந்து சிப்பித் தட்டுகள் வரும்படி ஏற்பாடு. வந்தன. இஞ்சிக்குக் கீழே பச்சைப் பச்சையாக, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஸ்டுடியோக்காரர் ஒரு முழங்காலை ஊன்றிக் கேமராவைக் கண்ணில் வைத்தார்.

ஊர் மேசைகளில் நாங்கள் போட்டி போட்டுத் தின்றோம். கசந்தது. நல்ல தேநீர்கூட முதலில் கசக்கத்தான் செய்யும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். குழந்தைகளுக்கு ஊட்டினோம். கண்கள் மட்டும் முன்வரிசையில் இருந்தன.

கிம் தோங் முதலாளி சாப்பாட்டுக் குச்சிகளை எடுத்தார். ஸ்டுடியோக்காரர் மூச்சைப் பிடித்தார். முதலாளி குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு வாயைக் காட்டினார்: வெற்றிலை போட்டிருக்கிறேன், ருசி தெரியாது. அக்கா ஓடிப்போய்த் துப்ப டம்ளர் கொண்டுவந்தாள். துப்பினார். வாய் கொப்பளித்தார். பிறகு இன்றைக்குச் சைவ விரதம் என்று ஞாபகம் வந்தது. அவர் கிண்ணத்தில் கருங்கோழிக் கால் ஒன்று வானத்தைப் பார்த்துக் கிடந்தது. எல்லாரும் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார். விரதம் கடல் பண்டத்துக்கு மட்டும் என்றார். நண்டு ஓடு? அது விரதம் ஞாபகம் வருவதற்கு முன்னால். அப்புறம் பேச்சில் டாக்டர் வந்தார். மூட்டு வலிக்குச் சிப்பி ஆகாதாம்.

தலைவர் மைக்கில் எல்லாவற்றையும் சமாளித்தார். சம்பந்தியின் அடக்கத்தைப் பாருங்கள், ரத்தினத்தைத் தின்ன மனசு வரவில்லை என்றார். லேசாகச் சிரித்தோம். சிரித்துக்கொண்டே பக்கத்து மேசையைப் பார்த்தோம். மாப்பிள்ளை வீட்டு மேசைகளில் மீன் முள்ளாகிவிட்டது, கோழி எலும்பாகிவிட்டது, சிப்பித் தட்டு மட்டும் கொண்டுவந்து வைத்தபடி இருந்தது. சித்தப்பா, மாமன், களத்தில் தொட்டி பார்க்கிறவர்கள், யாரும் தொடவில்லை. தொடாமல் இருப்பதைப் பற்றி அவர்களுக்குள் ஒரு பேச்சும் இல்லை. பழகிப்போன காரியம்போல் இருந்தார்கள். உணவகத் தம்பி, அண்ணன் குச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போ சூ அக்கா இடுப்புத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு முன்வரிசைக்குப் போனாள். பெண்ணின் அம்மா தன் கையால் எடுத்து வைப்பதை மாப்பிள்ளை வீட்டார் மறுக்கக் கூடாது. மறுத்தால் அந்தப் பெண்ணையே மறுத்ததுபோல. இருந்ததிலேயே பெரிய சிப்பியாகப் பார்த்து, இஞ்சியை விலக்கி, அவர் கிண்ணத்தில் வைத்தாள்.

"சம்பந்தி, எனக்காக ஒண்ணே ஒண்ணு. இடுப்பளவு தண்ணில நின்னு கட்டினது. நல்லா இருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இந்த ஊரு பொழச்சுக்கும்."

சந்தில் மென்றுகொண்டிருந்தவர்கள்கூட மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். தார்ப்பாய் மட்டும் பட் பட்டென்று அடித்தது. முதலாளி ஒரு முட்டைக்கோஸ் இலையை எடுத்து அந்தச் சிப்பியின்மேல், பிணத்துக்குத் துணி போடுவதுபோல, மெதுவாகப் போர்த்தினார். "அப்புறம் சாப்பிடறேன்," என்றார்.

அப்போதுதான் பிங் ஹுய் தன் குச்சிகளை எடுத்தான். எதிரே லே குவான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் காது சிவந்திருந்தது. தட்டிலிருந்து ஒரு சிப்பியை எடுத்தான். அக்கா வீட்டு ஆம்லெட்டுகளில் ஒரு வருஷமாக ஒதுக்கி வைத்த சிப்பி எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தின்னப்போகிறவன்போல வாயைத் திறந்தான்.

முதலாளியின் குச்சிகள் குறுக்கே வந்து அடித்தன. சிப்பி தெறித்து விரிப்பில் விழுந்தது.

"தின்னாதடா. சாவணுமா உனக்கு?"

உரக்கச் சொல்லவில்லை. மகனுக்கு மட்டும் சொல்கிற குரல்தான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. ஸ்டுடியோக்காரர் விரல் பதறி, அந்த நேரம் பார்த்துப் படம் எடுத்துவிட்டார். பளீரென்று வெளிச்சம் அடித்தது.

அக்கா அப்படியே நின்றாள். பரிமாறுகிற குச்சிகள் கையில் இருந்தன. "எங்க புள்ளைங்க தின்னுதே சம்பந்தி," என்றாள். அவ்வளவுதான். எங்கள் மேசையில் ஒருத்தி, மடியில் இருந்த குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டு, மென்றதை வெளியே எடுத்தாள். அன்றுதான் முதல் தடவையாக எங்கள் ஊர் துப்பியது. இஞ்சிக்கு அடியில் இருந்த பச்சையை அப்போது பார்த்தோம். கோயில் கூரை நாகங்களின் கழுத்தில் மழைத் தண்ணீர் வழிந்த கோட்டின் பச்சை. தினமும் கும்பிட்டுவிட்டு வருகிற பச்சை.

லிம் தலைவர் மைக்கில் பேச ஏதோ தேடினார். "ஹலோ," என்றார்.

செங் அக்காதான் நிலைமையைக் காப்பாற்றப் பார்த்தாள். கடைசி இனிப்பு வருவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விட வேண்டும் என்பது நிச்சயதார்த்த விருந்தின் முறை. சொல்லிக்கொள்ளக் கூடாது. பெண் வீட்டாரும் வழியனுப்பக் கூடாது. முக்கியமாக, யாரும் யாரிடமும் போயிட்டு வாங்க என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் இந்த நிச்சயம் செல்லாது, இன்னொரு தடவை முதலிலிருந்து நடத்தவேண்டி வரும். "நல்ல நேரம் முடியுது, கெளம்புங்க கெளம்புங்க," என்று செங் அக்கா கோழி விரட்டுவதுபோல அவர்களை எழுப்பினாள். முதலாளிக்கு அதைவிட இனிப்பான வார்த்தை அன்று கிடைத்திருக்காது. முன்வரிசை முழுக்க எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், முறை தவறாமல் நழுவியது. பிங் ஹுய்யின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான்.

லே குவான் எழுந்தாள். வழியனுப்பக் கூடாதவள் வழியனுப்பப் போனாள். போகிற வழியில் முதலாளி மேசையில் இருந்த சிப்பித் தட்டை எடுத்துக்கொண்டாள். அக்கா "குவான்" என்று ஒருதரம் கூப்பிட்டாள். கூப்பிட்டவள் தடுக்கவில்லை. சந்து முனையில் கார் புறப்பட இருந்தது. முதலாளி பின்சீட்டில் புதிதாக வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். லே குவான் விரலை நீட்டி மோதிரங்களைக் கழற்றினாள். இரண்டாம் கணுவில் நின்ற மோதிரம் கழற்றச் சிரமம் தரவில்லை. சிவப்பு நூலோடு இரண்டையும் பச்சைச் சிப்பிகளின் நடுவில் வைத்து, தட்டைக் கார் ஜன்னல் வழியே அவர் மடியில் வைத்தாள். பெண் வீட்டில் சீரில் பாதியைத் திருப்பித் தருவது எங்கள் வழக்கம்தான். இப்படித் தட்டோடு தருவது வழக்கம் இல்லை.

பிறகு கையைக் கட்டிக்கொண்டு, சந்துக்கே கேட்கும்படி சொன்னாள்:

"போயிட்டு வாங்க மாமா."

செங் அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள். கார் போய்விட்டது. தூசிக்கு நடுவே நின்ற லே குவானிடம் லிம் தலைவர் ஓடிவந்தார். மைக் கையில் இருந்தது. ஒயர் நீளம் போதாமல் அவர் பாதி வழியில் நின்று பேசவேண்டி வந்தது. "பொண்ணு பதட்டத்துல வாய் தவறிச் சொல்லிட்டா. யாரும் கணக்குல வச்சுக்காதீங்க."

"வாய் தவறலை தலைவரே," என்றாள் அவள்.

கடைசி இனிப்பு அப்போது வந்தது. சமையல்காரருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. சிவப்பும் வெள்ளையுமாக இனிப்பு உருண்டைகள் கிண்ணத்தில் மிதந்தன. யாரும் எடுக்கவில்லை. போ சூ அக்கா மேசை மேசையாகப் போய்ச் சிப்பித் தட்டுகளைச் சேகரித்தாள். கொட்ட இடம் தேடினாள். கடலில் கொட்டுவதா, மண்ணில் கொட்டுவதா, நாய் தின்றால் என்ன ஆகும் என்று தெரியாமல், அடுக்கிய தட்டுகளோடு சந்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். ஆற்று வாயில் நாங்களே இழுத்துக்கொண்டுபோய்க் கட்டிய சரங்கள் எல்லாம் அப்போது ஒவ்வொருவர் கண்ணிலும் தொங்கின. அடிதடி போட்டுப் பிடித்த இடம்.

அப்போது சந்து முனையில் ஒரு ஆள் நடந்து வந்தான். பிங் ஹுய். பாலத்தில் கார் வேகம் குறைந்தபோது கதவைத் திறந்து இறங்கிவிட்டானாம். கையில் அந்தத் தட்டு இருந்தது. சட்டையில் சிப்பித் தண்ணீர். மோதிரங்கள் அப்படியே இருந்தன. அவன் லே குவானுக்கு எதிரே வந்து நின்றான்.

"போயிட்டு வான்னு சொன்னே. வந்துட்டேன்."

"உனக்குத் தெரியும்ல," என்றாள் அவள். "ஒரு வருஷமா ஓரமா ஒதுக்கி வச்சியே. எங்கம்மா போட்ட ஆம்லெட்ல."

"தெரியும்."

"நான் தின்னப்ப பார்த்துக்கிட்டுதானே இருந்தே."

அவன் தலை குனிந்தான். "தினமும் சொல்லணும்னு வருவேன். தொட்டியை ஆத்துல கழுவி விடறதே நான்தான். எந்த வாயால சொல்றது?"

அக்கா தட்டுகளைக் கீழே வைத்தாள். கோபத்தில் அவனை அடிக்கப்போகிறாள் என்று நினைத்தோம். கொஞ்ச நேரம் அவன் கைத் தழும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "மோதிரத்தை அப்புறம் பேசிக்கலாம்," என்றாள். "மொதல்ல அந்தத் தொட்டில என்னென்ன ஊத்தறீங்க, எத்தனை வருசமா ஊத்தறீங்க, எல்லாத்தையும் சொல்லு. எனக்கு மட்டும் இல்ல. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

எல்லாரும் லிம் தலைவரைப் பார்த்தோம். தலைவர் மைக்கை மார்போடு அணைத்துக்கொண்டார். இது கோயில் சொத்து, தீர்மானம் போடாமல் வெளியாரிடம் தர முடியாது, முதலில் சாமியிடம் கேட்கவேண்டும் என்று ஆரம்பித்தார். அன்று காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத தியாம் ஹோக் அண்ணன் எழுந்து வந்தார். குழந்தையின் கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல, தலைவரின் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி மைக்கை எடுத்தார். மருமகனாக வந்து, ஆகாமல் போய், மறுபடி வந்து நிற்கிறவனிடம் கொடுத்தார். அவனுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. அண்ணனே பிடித்துக்கொண்டார், சத்தமாகப் பேசு, எனக்குக் காது கேட்காது என்று சைகை காட்டினார்.

மைக் ஒருதரம் கீச்சிட்டது. "நான் பிங் ஹுய்," என்றான். "கோ கிம் தோங் மகன்."

சந்து முழுக்க நாங்கள் நாற்காலிகளை இழுத்து நெருங்கி உட்கார்ந்தோம். ஒலிபெருக்கி, தலைவர் கட்டியபடியே, ஆற்றைப் பார்த்து இருந்தது. மேலே களம் வரை கேட்கும்.